வீட்டில் கடைசியாக உண்பவர்

சினைப் பசுவிற்குப் பிண்ணாக்கு எவ்வளவு, தவிடு எவ்வளவு என்பது நம் விவசாயிகள் அனைவருக்கும் மனப்பாடம். அதே வீட்டில் கருவுற்றிருக்கும் மருமகள் இன்று என்ன உண்டாள் என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. இப்படிச் சொல்வது சிலருக்கு வருத்தந் தரலாம். எனினும் சொல்லாதிருக்க இயலவில்லை.

நடவுக் காலத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்குச் சென்றிருந்தோம். அன்று எடை பார்க்கும் நாள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் எடை 41 கிலோவே இருந்தது. "பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகும் என்று அத்தை சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், ஐயா" என்றாள். அந்த மாமியார் கொடியவர் அல்லர்; தமக்குச் சொல்லப்பட்டதையே தம் மருமகளுக்கும் சொன்னார். ஆனால் உணவைக் குறைப்பதால் பிரசவம் எளிதாவதில்லை. தாய் பலமிழக்கிறாள், குழந்தையும் இரண்டரை கிலோவிற்குக் குறைந்த எடையுடன் பிறக்கக் கூடும். சாதாரண உடல்வாகுள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ வரை எடை கூடுவது நல்லது. மெலிந்தவர்களுக்கு இன்னும் சற்று அதிகமாகக் கூட வேண்டும்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 18.5க்குக் குறைந்தால் மெலிவு. 25ம் அதற்கு மேலும் மிகை எடை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இவ்வெல்லைகள் ஏறத்தாழ 42 கிலோவும் 56 கிலோவும் ஆகும். நம் நாட்டினருக்கு நீரிழிவு இதற்கு முன்பே தலைகாட்டுவதால், 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்பர் மருத்துவர்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் மெலிந்தவர். சுமார் 40 பேர் மிகை எடையினர். 53 பேருக்கு இரத்தச் சோகை. சதைப்பற்றுள்ள பெண்ணுக்கு எப்படி இரத்தச் சோகை வரும் எனக் கேட்கலாம். அடுப்படிக்குச் சென்று பார்த்தால் விளங்கும். கணவரும் பிள்ளைகளும் உண்டெழுந்த பின் முட்டையும் கீரையும் தீர்ந்திருக்கும். குழம்பின் அடியிலிருந்த பருப்பும் போயிருக்கும். எஞ்சுவது சோறும் ரசமுமே. வயிறு நிறைகிறது, உடலும் பருக்கலாம்; ஆனால் இரத்தத்திற்கு வேண்டிய இரும்புச் சத்து சேர்வதில்லை. களைப்புத் தீர உணவுடனேயே அருந்தும் தேநீர், உள்ள சிறிதளவு இரும்பையும் உடலில் சேரவொட்டாமல் தடுத்துவிடுகிறது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதற்கு மாறாக உதவுகின்றன. வயலில் வெறுங்காலுடன் நடப்போரைப் பற்றும் கொக்கிப் புழுவும் இரத்தத்தைக் குடிக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரைகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுகிறார்களாம்! அது மாத்திரையின் இயல்பு, தீங்கன்று. குமட்டல் உண்டானால் உணவிற்குப் பின் உட்கொள்ளலாம்.

கல்லூரி செல்லும் பெண்களிடையே வேறொரு நோயும் உண்டு. மெலிந்திருந்தும் தாம் பருமன் என நம்பிப் பட்டினி கிடப்பர். சிலர் உண்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பர். மாதவிலக்கும் நின்று போகலாம். இது பிடிவாதமோ நாகரிகமோ அன்று, மனநோய். திட்டுவதால் தீராது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரிடம் காலந் தாழ்த்தாது அழைத்துச் செல்க.

உறுப்பினர்கள் கிராம சபையில் சாலை, விளக்கு பற்றிப் பேசும்போது இதையும் கேட்கலாம்: நம் ஊரில் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களுள் சென்ற மாதம் எடை கூடாதவர் எத்தனை பேர்? கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவேடு இருக்கிறது. பெயர்களைச் சபையில் படிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். அங்கன்வாடியின் எடைக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் ஒருமுறை ஏறி நின்று பார்த்துவிடுங்கள்.