எஞ்சினோடு வரும் விருந்தாளி

பிரிட்டனில் தோட்டத்தில் குட்டி ரயில் பாதை வைத்திருப்பவர் வீட்டுக்கு இன்னொரு ஆர்வலர் வெறுங்கையோடு வருவதில்லை. பெட்டிக்குள் ஒரு குட்டி நீராவி எஞ்சின் இருக்கும்.

அழைப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது தண்டவாள அகலம். அங்கே 32, 45 மில்லிமீட்டர் என்ற இரு அளவுகளும் புழக்கத்தில் உள்ளன. 45-ஐப் பரப்பியவை, 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து வெளிவந்த எல்.ஜி.பி. ரயில்கள். அந்த அகலத்தை 22.5 மடங்காக்கினால் கிட்டத்தட்ட நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜ்!

வளைவின் அளவையும் குகைப்பாதையின் உயரத்தையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடினால் அணைத்துவிட வேண்டும். இன்சுலேஷன் இல்லாத சக்கரங்கள் ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிடும். சருகு, குச்சி, நத்தை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுவது வீட்டுக்காரர் வேலை.

பிறகுதான் சுவாரசியமே. பாய்லருக்கு உப்புப் படியாத காய்ச்சி வடித்த நீர், சிலிண்டருக்கு நீராவி எண்ணெய், அடுப்புக்கு பியூட்டேன் வாயு. வாயு நிரப்பும்போது அருகில் நெருப்பு கூடாது. சில நிமிடங்களில் அழுத்தம் ஏறி எஞ்சின் நகர, விருந்தாளியும் கூடவே நடப்பார்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓட்ட ஆசை வரும். ரேடியோ கட்டுப்பாடு இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் வேகமெடுக்கும் எஞ்சின் முன்னால் போகும் ரயிலை முட்டிவிடும்.