101 கிரஷர்கள்

1969 மாடல் செவ்ரோலே கார்வெட் கார்கள் மொத்தம் 38,762. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் ஆலையில் செய்தவை. அவற்றில் 16,507 கார்களில் எம்-20 என்ற நான்கு கியர் பெட்டி இருந்தது. 13,741 கார்களில் எம்-21. ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்கியவர்கள் 8,161 பேர். கூடுதலாக ஒரு டாலரும் தரமாட்டேன் என்றவர்களுக்குக் கிடைத்த மூன்று கியர் பெட்டி 252 கார்களில். கூட்டிக் கழித்தால் மிச்சம் 101. அந்த 101 கார்களில் இருந்த பெட்டிக்கு எம்-22 என்று பெயர். இன்று ஒருவர் ஒரு பழைய கார்வெட்டைக் காட்டி, "இது ஆலையிலிருந்தே எம்-22 வண்டி" என்று விலை சொன்னால், அது அந்த 101-இல் ஒன்றுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்மூரில் பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பார்ப்போம். கியர்பாக்ஸை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கப் பழைய கார் உலகில் கேட்பார்கள். என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அந்தக் காரோடு ஆலையை விட்டு வந்தவையாக இருந்தால் அதற்கு 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று பெயர். அதற்குத் தனி விலை. எல்-88 என்ற பந்தய என்ஜின் பொருத்திய 1967 கார்வெட்டுகள் வெறும் 20. இருபதிலும் எம்-22 பெட்டிதான். அவற்றில் ஒன்று 2014 ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் 38.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் பொய்யும் புழங்கும்.

காரைப் பிரிந்து போவதில் கியர்பாக்ஸ் மற்ற பாகங்களை முந்திக்கொள்ளும். அலுமினிய உடல்; கழற்ற கிரேன் வேண்டாம். 1970-களில் இந்த வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இது புராதனப் பொருள் அல்ல, வேகமாக ஓடும் செகண்ட் ஹாண்ட் கார். வார இறுதியில் கால் மைல் பந்தயம், கிளட்சைப் படீரென்று விடுவது, பல் உடைவது, பழைய இரும்புக் கடையில் வேறொரு பெட்டி வாங்கி மாட்டுவது என்று வாழ்க்கை ஓடியது. ஆகவே பெட்டி மாறியிருந்தால் அது குற்றமல்ல. மாறியதை மறைப்பதுதான் குற்றம்.

பெட்டி பிறந்த ஊர் இண்டியானா மாநிலத்தின் மன்சி. 1957-இல் கார்வெட்டுக்கு முதன்முதலில் வந்த நான்கு கியர் பெட்டியான டி-10-ஐ போர்க்-வார்னர் நிறுவனம் செய்ததும் இதே ஊரில்தான். ஆனால் 1963-இல் செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொந்தப் பெட்டியை இறக்கிய பிறகு, 'மன்சி' என்று சொன்னாலே இந்தப் பெட்டியைத்தான் குறித்தது. ஊர்ப்பெயரைப் பிந்தி வந்தவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலப வழி உண்டு. பெட்டியின் பக்கவாட்டு மூடியில் ஏழு போல்ட் இருந்தால் மன்சி, ஒன்பது இருந்தால் போர்க்-வார்னர்.

எம்-22-இல் அப்படி என்ன விசேஷம்? பெரும்பாலான மேனுவல் கியர் கார்களில் ரிவர்ஸ் போட்டால் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். அவற்றில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை; ஒரு பல் முழுவதுமாக அடுத்த பல்லில் 'டக்'கென்று போய் மோதும். முன்னோக்கிப் போகும் கியர்களில் பற்களைச் சாய்வாக வெட்டுவார்கள். பல் நுனியில் தொட்டு, வழுக்கிக்கொண்டே முழுதாகப் பொருந்தும். சத்தம் குறையும். ஆனால் சாய்வு இருந்தால் சக்கரங்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். பெரிய என்ஜின் முறுக்கும்போது அந்தத் தள்ளுவிசை பெட்டியையே பிளக்கப் பார்க்கும். எம்-22-இல் பற்களின் சாய்வைக் குறைத்துவிட்டார்கள். பலம் கூடியது, சத்தமும் கூடியது. அதனால் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ராக் கிரஷர்'. ஜல்லி உடைக்கும் கிரஷர் என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1969-இல் இந்தச் சத்தத்துக்கு, எம்-20-ஐ விட நூறு டாலருக்குமேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி காருக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். பெட்டியின் உடலில் எண்ணெயும் மண்ணும் கெட்டியாக அப்பியிருக்கும். இரும்பு பிரஷ் வேண்டாம்; அலுமினியம் மென்மையானது, ஐம்பது வருடச் சாட்சியம் ஒரு நிமிடத்தில் போய்விடும். கெரசின் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழும்பி வரும்.

முதலில் தெரிவது வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண். 1969 காருக்கு அது 3925660 ஆக இருக்க வேண்டும். 1964, 65 கார்களின் பெட்டியில் 3851325. இதுவே பொருந்தாவிட்டால் மேலே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பொருந்தினாலும் பெரிதாகச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்த எண் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குப் பொது.

அடுத்தது பஞ்ச் வைத்து அடித்த தேதி. பி-9-எச்-18-சி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி என்றால் மன்சி ஆலை. 9 என்றால் 1969. எச் மாதத்தைக் குறிக்கிறது. எட்டாவது எழுத்து, ஆகவே ஆகஸ்ட் என்று கணக்குப் போட்டால் ஏமாந்தீர்கள். ஜனவரிக்கு ஏ-யில் தொடங்கி மே மாதத்துக்கு இ வரை ஒழுங்காகப் போகும் வரிசை, அங்கிருந்து தாவி ஜூனுக்கு எச், ஜூலைக்கு கே, ஆகஸ்டுக்கு எம் என்று போகிறது. ஆக, இது ஜூன் 18. கடைசி எழுத்து 1969 மாடலில் வந்த புது ஏற்பாடு: ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து என்றால் எம்-20, இரண்டாவது என்றால் எம்-21, மூன்றாவதான சி என்றால் எம்-22.

மூன்றாவது எண்தான் முக்கியம். திருட்டைத் தடுக்க, காரின் அடையாள எண்ணைச் சுருக்கிப் பெட்டியிலும் அடித்தார்கள். 1969 கூப்பேயின் முழு எண் 194379 எஸ் என்று தொடங்கும். முதலில் வரும் 1 செவ்ரோலே, 94 கார்வெட், 37 கூப்பே, 9 வருடம், எஸ் செயின்ட் லூயிஸ். பிறகு 700001-இலிருந்து ஓடும் வரிசை எண். பெட்டியில் இதில் நிறுவனம், வருடம், ஆலை, வரிசை எண் ஆகியவை மட்டும் இருக்கும்: 19 எஸ் 7 என்று தொடங்கி ஐந்து இலக்கங்கள். முன் கண்ணாடியின் இடது தூணில் இருக்கும் தகட்டோடு இந்த இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும்.

தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் உள்ள தகட்டில் பாடி செய்த நாள் இருக்கிறது. அங்கேயும் மாதத்துக்கு எழுத்துதான், ஆனால் அது வேறு கணக்கு: அந்த மாடல் உற்பத்தியின் முதல் மாதம் ஏ, அடுத்தது அதற்கடுத்த எழுத்து. ஒரே எழுத்து கியர்பாக்ஸில் ஒரு மாதம், கதவோரம் இன்னொரு மாதம். இதில் குழம்பித்தான் பலர் நல்ல காரைச் சந்தேகப்படுகிறார்கள், பொய்க் காரை நம்புகிறார்கள். கார் ஆலையை விட்டுப் போன பிறகு செய்த பெட்டி என்றால் எண் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது போலிதான்.

போலி அடிப்பவர் செய்யும் வேலை இரண்டு: பழைய எண்ணைத் தேய்ப்பது, புதிய எண்ணை அடிப்பது. இரண்டாவது சுலபம், முதலாவதில்தான் மாட்டிக்கொள்வார். வார்ப்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று இருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். நான் இதில் நம்புவது கண்ணைவிட நகத்தை.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. எண்கள் பெட்டியின் உடலில்தான் இருக்கின்றன, பற்களில் இல்லை. எம்-22 பற்சக்கரங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எம்-20 உடலுக்குள் அவற்றைப் போட்டுவிடலாம். நிஜ எம்-22 உடலுக்குள் என்றோ ஒருநாள் பல் உடைந்து, எம்-21 சக்கரங்கள் குடியேறியும் இருக்கலாம். பெட்டி வெளியே இருந்தால் முதல் கியரில் போட்டு, பின் தண்டைச் சாக்பீஸால் குறித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முன் தண்டு இரண்டரைச் சுற்றுச் சுற்றினால் எம்-20. இரண்டு சுற்றும் இன்னொரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கும் என்றால் எம்-21 அல்லது எம்-22; இவை இரண்டுக்கும் விகிதம் ஒன்றே, 2.20. இவற்றைப் பிரிக்க முன் தண்டைப் பாருங்கள்: எம்-20-இல் இரண்டு வளையக் கோடு, எம்-21-இல் ஒன்று, எம்-22-இல் கோடே இல்லை. அதிலும் நம்பிக்கை வராதவர்கள் அந்த ஏழு போல்ட்டையும் கழற்றிப் பற்களின் சாய்வையே பார்த்துவிடலாம்.

காகிதச் சாட்சி? ஃபோர்டு கார் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். 1967 முதலான ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் பிழைத்திருக்கின்றன. மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸுக்கு எழுதினால் கார் எந்தக் கியர்பாக்ஸோடு வெளிவந்தது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காலக் கார்வெட்டுக்கு அப்படியொரு வழி கிடையாது. இருப்பது பெட்ரோல் டேங்க்கின் தலையில் ஆலைக்காரர்கள் ஒட்டிய ஒரு காகிதம். காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கும். டேங்கை இறக்கினால்தான் பார்க்க முடியும். இறக்கிப் பார்த்தால் சில கார்களில் எம்-22 என்ற வரி பளிச்சென்று இருக்கும். பலவற்றில் பெட்ரோல் சிந்தி, காகிதம் மாவாகப் போயிருக்கும்.

அந்த 252 மூன்று கியர் கார்களும் எண்ணிக்கையில் அபூர்வம்தான். ஆனால் அவற்றுக்காக யாரும் பஞ்சும் சுத்தியலும் எடுத்துப் பொய் எண் அடித்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.