கம்பி இருக்கிறது, பல் நகர்கிறது

பல்லில் போட்ட கிளிப்பைக் கழற்றும்போது, கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்றை மருத்துவர் ஒட்டி அனுப்புவார். இதற்கு ரிடெய்னர் என்று பெயர். ஒரு கோரைப்பல்லில் தொடங்கி மறு கோரைப்பல் வரை ஆறு பற்களையும் அது பிணைத்து வைக்கும். இந்தக் கம்பி அவசியமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ரிடெய்னரை எடுத்துப் பத்தாண்டுக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கினரின் கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்கியடித்து நின்றன.

ஆனால் அந்தக் கம்பியே சிலருக்குப் பல்லைத் தள்ளிவிடுகிறது. ஆய்வாளர் கட்சாரோஸ் குழுவினர் 2007-இல் இதைத் தெளிவாக விவரித்தார்கள். அடுத்தடுத்த இரண்டு வெட்டுப்பற்களில் ஒன்றின் வேர் உதட்டுப் பக்கமும், மற்றதன் வேர் நாக்குப் பக்கமும் போகும். அல்லது ஒரு பக்கக் கோரைப்பல் வெளியே சாயும். 2012-இல் பதிவான ஓர் இளைஞரின் கதை இன்னும் கடுமை: சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகளில் இடது கீழ்க் கோரைப்பல்லின் வேர், நுனி உட்பட, ஏறக்குறைய முழுதாகத் தாடை எலும்புக்கு வெளியே வந்திருந்தது. ஆச்சரியம், பல் உயிரோடுதான் இருந்தது. மறுபடி கிளிப் போட்டு வேரை உள்ளே கொண்டுவந்தார்கள். இறங்கிய ஈறு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் இப்படி? பெரும்பாலும் இந்தக் கம்பி சில நுண்ணிழைகளை முறுக்கிச் செய்தது. ஒட்டும்போது விரலால் அழுத்தி வளைத்திருந்தால் அந்த விசை கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். கடினமான உணவைக் கடிக்கும்போதும் அது வளையலாம், முறுக்கு தளரலாம். விசை மிகச் சிறியதுதான். ஆனால் இரவு பகல் ஓயாமல் அழுத்துவதால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புதிதாக வளர்கிறது. கிளிப் பல்லை நகர்த்தியதும் இதே வழியில்தான். வலி தெரியாது, கம்பியும் உடையாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

எல்லோருக்கும் இது நேர்வதில்லை. 3,500 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில் 1.1 சதவீதத்தினருக்கே இந்தச் சிக்கல் இருந்தது.

கம்பி ஒட்டியவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். ஒரு பல்லின் ஈறு மட்டும் பக்கத்துப் பல்லைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா? ஒரு பல் மட்டும் முன்னுக்கோ பின்னுக்கோ சாய்ந்திருக்கிறதா? சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வைத்தால் ஒப்பிடுவது எளிது. மாற்றம் தெரிந்தால் கம்பியை நீங்களே பிடுங்காமல், பல் சீரமைப்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மாற்றமே தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அவர் பார்த்துவிடட்டும்.