சுழன்றால் வழி கிடைக்கும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். ஒரே அளவுள்ள இரண்டு புட்டிகளில் நீர் நிரப்புங்கள். ஒன்றை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். நீர் 'களக் களக்' என்று விட்டுவிட்டு விழும். மற்றதைக் கவிழ்த்தவுடன் நாலைந்து முறை வட்டமாகச் சுழற்றிவிட்டு, அசையாமல் பிடியுங்கள். நீர் தடையின்றி இறங்கும். புட்டியும் விரைவில் காலியாகிவிடும்.

காரணம் என்ன? முதல் புட்டியில் வெளியேறும் நீரும் உட்புகும் காற்றும் ஒரே கழுத்துக்குப் போட்டியிடுகின்றன. இரண்டாவதில் சுழலும் நீர் சுவரோரம் ஒதுங்குகிறது. நடுவே காற்றுக்கு வழி கிடைக்கிறது. இதே தத்துவம் எரிவாயுக் கிணறுகளுக்கும் உதவுகிறது.

எரிவாயு நமக்குத் தொலைவான பொருளன்று. சாரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 130 கி.மீ. சென்றால் காரைக்கால். அங்கே 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 32.5 மெகாவாட் மின் நிலையம், அருகிலுள்ள நரிமணம் வட்டாரத்து எரிவாயுவைக் கொண்டு இயங்குவதற்காகவே அமைக்கப்பட்டது.

பூமிக்கடியிலிருந்து வாயு மட்டும் தனியாக வருவதில்லை. சிறிது நீரும் கூடவே வரும். புதிய கிணற்றில் அழுத்தம் அதிகம். பலத்த காற்று தூறலை அடித்துச் செல்வதுபோல, விரைந்தேறும் வாயு நீர்த்துளிகளை மேலே கொண்டுவந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் குறையும். வாயுவின் வேகமும் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் துளிகள் திரும்ப விழத் தொடங்கும். இந்த எல்லை வேகத்தைக் கணக்கிடும் முறையை 1969இல் டர்னர், ஹப்பர்ட், டக்லர் ஆகிய மூவர் வெளியிட்டனர்.

விழும் நீர் கிணற்றின் அடியில் தேங்குகிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் 300 மீட்டர் நீர் தேங்கினால்? 30 வளிமண்டல அழுத்தம்! இதை எதிர்த்து வர வேண்டியிருப்பதால் வாயு இன்னும் மெதுவாகிறது. நீர் இன்னும் தேங்குகிறது. முடிவில், அடியில் வாயு மீதமிருக்கும்போதே கிணறு அடங்கிவிடுகிறது.

இங்கேதான் சுழலோட்டம் கைகொடுக்கிறது. குழாயினுள் திருகாணியின் புரிபோல் வளைந்த தகடுகள் கொண்ட ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை, மோட்டாரும் தேவையில்லை. புரிவழியே செல்லும் ஓட்டம் தானே சுழல்கிறது. அடர்த்தி மிகுந்த நீர் சுவருக்குத் தள்ளப்பட்டு, மெல்லிய படலமாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வாயு நடுவழியே செல்கிறது. புட்டியில் நீரும் காற்றும் எதிரெதிராகச் சென்றன; இங்கே இரண்டும் மேல்நோக்கியே செல்கின்றன. ஆனால் தனித்தனிப் பாதை என்பது இரண்டுக்கும் பொது. தரைமேல் செல்லும் எரிவாயுக் குழாய்களின் பள்ளமான இடங்களில் தேங்கும் நீரை நகர்த்தவும் இம்முறை பயன்படும்.

இது மந்திரமன்று. சுழற்சிக்கான ஆற்றலையும் அந்த வாயுவே தரவேண்டும். சுவரின் உராய்வால் சுழற்சி போகப்போகத் தளரும். அழுத்தம் அறவே குன்றிய கிணற்றுக்கு இது பயன்படாது. அத்தகைய இடங்களில், குறுகலான குழாயை இறக்கி வாயுவின் வேகத்தைக் கூட்டுவது, நுரைக்கும் பொருளைச் செலுத்தி நீரை இலேசாக்குவது போன்ற வேறு வழிகளை நாடுகிறார்கள்.

இப்போது சோதனையை மீண்டும் செய்யுங்கள். இரண்டு புட்டிகளும் காலியாக எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். புட்டியின் கழுத்து அகலமாக இருந்தால் அந்த வேறுபாடு கூடுமா, குறையுமா? நீங்களே கண்டறியுங்கள்!