போக்கர்: சீட்டு பாதி, பந்தயம் பாதி
எப்போது தொகையை உயர்த்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்குத் தெரியாதவரின் பணம்தான் தெரிந்தவரின் லாபம்.

கையில் ஒன்றுமே இல்லாமல் ஜெயிக்கக்கூடிய சீட்டாட்டம் போக்கர். ரம்மியில் சீட்டு சேராதவர் டிக்ளேர் செய்ய முடியாது. போக்கரில் எதிராளி பயந்து விலகினால் போதும். சீட்டைக் காட்டாமலே நடுவில் குவிந்த பணத்தை அள்ளிக்கொள்ளலாம். அந்தப் பயத்தை உண்டாக்கும் கருவி பந்தயத் தொகை.

இணையத்தில் மிகப் பிரபலமான வகை டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் ரகசியமாக 2 சீட்டுகள். எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என 5 சீட்டுகள் திறக்கப்படும். மொத்தம் 4 சுற்றுப் பந்தயம். எதிராளி பணம் வைத்ததும் உங்களுக்கு மூன்று வழிகள்: சீட்டைக் கவிழ்த்து விலகலாம், அதே தொகையை வைத்துத் தொடரலாம் அல்லது தொகையை உயர்த்தலாம்.

புதியவர்களுக்குப் பிடித்தது நடுவழி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தவிர்ப்பதும் அதைத்தான். வெறுமனே தொடர்பவர் கடைசியில் நல்ல சீட்டைக் காட்டினால்தான் ஜெயிப்பார். உயர்த்துபவருக்கு அந்த வழியோடு இன்னொன்றும் உண்டு: எதிராளி அங்கேயே விலகிவிடலாம்.

எவ்வளவு வைப்பது? பந்தயம் என்பது அடுத்த சீட்டைப் பார்க்க எதிராளி தர வேண்டிய விலை. நடுவில் 800 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிராளியிடம் 4 ஆர்ட்டின் சேர்ந்திருக்கிறது, இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. அவர் பார்க்காத 46 சீட்டுகளில் ஆர்ட்டின் 9. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. நீங்கள் 200 ரூபாய் வைத்தால் அவர் 200 கொடுத்து 1,000 ரூபாய்க்குக் குறிவைக்கிறார். ஐந்து முறை ஆடினால் நான்கு முறை தோற்று 800 இழப்பார், ஒரு முறை 1,000 எடுப்பார். அவருக்கு லாபம். நீங்கள் 800 வைத்தாலோ நான்கு தோல்வியில் 3,200 போகும், ஒரு வெற்றியில் 1,600 வரும். சீட்டு அதே சீட்டுதான், விலை மட்டுமே மாறியது. கடைசிச் சுற்றுப் பந்தயம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் அடிப்படை இதுதான்.

பொய்யாக மிரட்டும் 'பிளஃப்'புக்கும் கணக்கு உண்டு. நடுவில் 1,000 இருக்கும்போது இன்னொரு 1,000 வைத்து மிரட்டினால், எதிராளி 1,000 கொடுத்து 2,000 ஜெயிக்கப் பார்க்கிறார். மூன்றில் ஒரு முறை உங்களைப் பொய்யராகப் பிடித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. ஆகவே இப்படி வைக்கும் பந்தயங்களில் மூன்றில் ஒன்று பொய்யாக இருந்தால், தொடர்வதா விலகுவதா என்று அவர் திணறுவார். பொய்யே சொல்லாதவர் உயர்த்தினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். எப்போதும் பொய் சொல்பவரை எல்லோரும் மடக்குவார்கள்.

இதற்கு முகத்தைப் படிக்கும் கலை அவசியமில்லை என்பதை 2017-ல் ஒரு கணினி நிரூபித்தது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரடஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க் நகரில் 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, தொழில்முறை வீரர்கள் நால்வரைத் தோற்கடித்தது. மனிதர்கள் வைக்கத் தயங்கும் பெருந்தொகைகளை அது சர்வசாதாரணமாக வைத்தது.

அப்படியானால் போக்கர் திறமை ஆட்டமா? இந்தியாவில் இதற்கு மாநிலத்துக்கு ஒரு பதில். 1968-ல் செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்றது. போக்கர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மேற்கு வங்கத்தின் 1957-ம் ஆண்டுச் சட்டம் அதைச் சூதாட்டப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தது. நாகாலாந்து திறமை ஆட்டமாக அங்கீகரித்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் சூதாட்டம் என்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக அறிவித்த தமிழகச் சட்டத்தின் அட்டவணையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது.

ஆனால் திறமை என்ற பதில் சாதாரண ஆட்டக்காரருக்கு ஆறுதல் தராது. போக்கரில் ஒருவர் ஜெயிக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் தோற்றது. வெறும் அதிர்ஷ்டம் என்றால் நீண்ட நாளில் எல்லோரும் ஏறக்குறைய சமமாக நிற்பார்கள். திறமை என்றால் விவரம் தெரியாதவர் தோற்பது ஏறக்குறைய நிச்சயம். இணையம் அதை விரைவுபடுத்துகிறது. நேரடி மேஜையில் மணிக்கு சுமார் 30 ஆட்டம் என்றால் திரையில் அதைப் போல இரு மடங்கு ஓடும். கைதேர்ந்தவர் ஒரே நேரத்தில் பல மேஜைகளில் அமர்ந்து, எதிராளிகளின் பழக்கத்தைப் புள்ளிவிவரமாகச் சேர்த்துக்கொண்டே ஆட முடியும்.

இதற்கு மேல் ஆட்டத்தை நடத்துபவரின் கமிஷன். பொதுவாக இது நடுவில் சேரும் பணத்தில் 5 சதவீதம் அளவில் இருக்கும். சம திறமை உள்ள இருவர் தலா 10,000 ரூபாயுடன் அமர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் சேரும் ஆட்டம் ஒவ்வொன்றிலும் 50 ரூபாய் கமிஷன். இப்படி 400 ஆட்டம் முடிந்தால் 20,000 ரூபாயும் கமிஷனாகவே போயிருக்கும். ஜெயித்தவர் யாருமில்லை. ஓர் இரவுக்குள் முடிகிற கதை. உள்ளே வரும் பணத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பழைய விவாதத்தையே ஓரங்கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து இணையத்தில் ஆடுவது எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இவற்றால் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் மக்கள் கையைவிட்டுப் போகிறது என்பது அரசின் மதிப்பீடு. சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்து உயர் நீதிமன்றங்களுக்குப் போன வழக்குகளைச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடியாகிவிட்டது. மேஜையில் அமர்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: திறமைதான் என்றால், அது இங்கே யாரிடம் இருக்கிறது? பதில் தெரியாதவருக்குப் போக்கர் கற்றுத்தரும் முதல் பாடமே போதுமானது. விலை சரியில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.