ஓடும்போது நின்றுபோகும் மகிழுந்து எந்திரம்: காரைக்கால் கடற்கரைச் சூழலில் பழுதறியும் முறை

திறவுச்சொற்கள்: மகிழுந்து, எந்திரம், பழுதறிதல், கிராங்க் சென்சார், உப்புக்காற்று, காரைக்கால்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இடையே கடலையொட்டி அமைந்த தனி நிலப்பகுதியாகும். இங்கு ஓடும் வண்டிகள் ஆண்டு முழுதும் உப்புக்காற்றையும், வடகிழக்குப் பருவமழையின்போது தேங்குநீரையும் எதிர்கொள்கின்றன. ஓட்டத்தில் நின்றுபோகும் பெட்ரோல் மகிழுந்தை ஆராயும்போது, எந்த உறுப்பையும் மாற்றுமுன் மின்னிணைப்புகளைச் சோதித்தல் இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இப்பழுதின் தொல்லை, பட்டறைக்கு வந்ததும் அது மறைந்துவிடுவதாகும். ஆதலின் ஓட்டியவரின் கூற்றே முதற்சான்று. வண்டி இழுவை குறைந்து, குலுங்கித் திணறி நின்றதாயின் பெட்ரோல் வரத்தை ஐயுறலாம். வேகத்தடையில் மெதுவாகும்போது மட்டும் நின்றால் திராட்டிலில் படிந்த கரியைப் பார்க்கவேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென நின்றால், பெரும்பாலும் மின்சுற்றிலேயே குறை இருக்கும்.

இம்மூன்றாம் வகையில் ஆர்பிஎம் முள் அரிய சான்று தருகிறது. கியரில் ஓடும் வண்டியில் கிளட்சை மிதிக்காதவரை, எரிதல் நின்றாலும் சக்கரங்கள் எந்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்நிலையில் முள் சுழியத்தில் வீழ்ந்தால், சுழற்சி நிற்கவில்லை. சுழற்சியைத் தெரிவிக்கும் கிராங்க் சென்சாரின் குறிப்பே நின்றது எனக் கொள்ளலாம். முள்ளோடு எல்லா விளக்குகளும் அணைந்திருப்பின் பேட்டரி முனையையும் சாவிச் சுவிட்சையும் நோக்கவேண்டும். சற்று ஆறியபின் வண்டி மீண்டும் கிளம்புவது சென்சார் பழுதின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. சூடேறிய பெட்ரோல் பம்புக்கும் அவ்வியல்பு உண்டு. ஆகவே அதனை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் தகாது.

ஸ்கேனர் காட்டும் எண்ணையும் இவ்வாறே கருதவேண்டும். பி0335 என்பது கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் குறை என்கிறதே தவிர, சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. கம்பி, இணைப்பான், எர்த் ஆகிய அனைத்தும் அச்சுற்றில் அடங்கும். எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுவோர் பலர். புதிய சென்சாரைப் பொருத்துகையில் இணைப்பான் கழற்றி மாட்டப்படுவதால், பச்சைக் களிம்பு உராய்ந்து தொடர்பு தற்காலிகமாகச் சீராகலாம். சில வாரங்களில் வண்டி மீண்டும் நிற்கும். நடுச்சாலையில் எந்திரம் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணைவிசையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே பேருந்து வரும்போது இது உயிர்ச்சிக்கலாகும்.

எர்த்தைச் சோதிக்க மின்தடையை அளப்பது போதாது. ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் தடை குறைவாகவே காட்டும். எந்திரம் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, எந்திர உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட்டளவு காணவேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் அவ்விணைப்பைக் கழற்றித் தேய்த்துத் துப்புரவாக்குதல் வேண்டும். பிறகு எந்திரம் ஓடும்போதே சென்சாரின் கம்பியை, சுழலும் பகுதிகளில் கை படாதவாறு, அடிமுதல் நுனிவரை மெல்ல அசைத்துவர, நின்றுபோகும் இடத்தில் பழுது வெளிப்படும்.