பிள்ளை அடம் பிடிக்கவில்லை... அம்மா வளர்ப்பும் காரணமில்லை! ஆட்டிசம் குழந்தைகளின் தாய்மார்கள் படும் பாடு

தென்காசி:

தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு அலறினால், சுற்றி நிற்பவர்கள் அவன் அம்மாவைத்தான் முறைப்பார்கள். "பிள்ளைய இப்படியா வளக்குறது?" என்ற பேச்சும் உடனே வரும்.

அது அடம் இல்லை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு பஸ் ஹாரன் சத்தம், கூட்டம், பளீர் வெளிச்சம் எல்லாம் தாங்க முடியாத வேதனை. அதைச் சொல்லத் தெரியாததால் அலறுகிறார்கள்.

பீடித் தட்டும் பிள்ளையும்

இந்த மாவட்டத்தில் ஏராளமான பெண்கள் வீட்டில் இருந்தே பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பிள்ளை பின்னால் ஓட எழுந்தால் அன்றைய கணக்கு குறையும். வருமானமும் போச்சு.

சாப்பாட்டுத் தட்டு மாறினால் அழுகை. போகிற தெரு மாறினால் அழுகை. பல குழந்தைகளுக்கு ராத்திரி தூக்கமும் சரியாக வராது. அப்புறம் அம்மாவுக்கு ஏது தூக்கம்?

சீசன் வந்தால் பயம்

குற்றாலத்தில் சாரல் அடித்தால் ஊரே குஷியாகும். இந்த அம்மாக்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஆட்டிசம் குழந்தைகள் பலருக்கு தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, ஆபத்து தெரியாது. கையை உதறிவிட்டு சத்தம் இல்லாமல் போய்விடுவார்கள். இப்படிப் போய் நீரில் மூழ்கி இறப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. குளம், கால்வாய் பக்கம் வீடு இருந்தால் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடுவது நல்லது.

"அருவித் தண்ணி தலையில விழுந்தா சரியாயிரும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. ஆட்டிசம் அருவியில் குளித்து மாறாது. பயந்த பிள்ளையை இழுத்து நிறுத்தினால் பயம்தான் கூடும்.

பழி யார் மேல்?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம். 1943-ல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் இதை விவரித்து எழுதினார். பிறகு, தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று அங்குள்ள நிபுணர்களே பழி போட்டார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட் 1964-ல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். பிறவிக் கூறுகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

தடுப்பூசியும் காரணம் இல்லை. அப்படிச் சொல்லி 1998-ல் வெளியான கட்டுரையை அந்த மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

எங்கே போகலாம்?

ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? "அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சி, செயல் பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் உண்டு.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பெறலாம். பயிற்சிச் செலவும் சேரும். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பள்ளி சம்பந்தமாக வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைக் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்களும் உதவலாம். அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்தத் தாய் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிடுவாள்.